ஸ்டியரிங் ஆடும் பிக்கப்: பாக்ஸில் கை வைப்பதற்கு முன் கீழே படுத்துப் பாருங்கள்

பெங்களூரில் லோடு அடிக்கும் பிக்கப்புக்கு ஸ்டியரிங் லிங்கேஜ், அதாவது ஸ்டியரிங்கின் திருப்பலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பிகளும் மூட்டுகளும், தேய்வது வழக்கமான செலவு. ஒசூர் ரோட்டின் சர்வீஸ் லேன் பள்ளங்கள், பீன்யா தொழிற்பேட்டைக்குள் உடைந்து கிடக்கும் கான்கிரீட், கலாசிபாளையம் சந்துகளில் வண்டி நகராமலேயே ஸ்டியரிங்கை முழுசாக ஒடிப்பது, இதற்கெல்லாம் மேலே அனுமதியை மீறிய பாரம். கிண்ணத்துக்குள் குமிழ் உருளும் பால் ஜாயிண்ட் எத்தனை நாள்தான் தாங்கும்?

தேய்மானத்தைவிட எனக்குக் கோபம் வருவது அதற்குச் செய்யும் குறுக்கு வைத்தியத்தில்தான். ஸ்டியரிங் ஆடுகிறது என்று போனால், "பாக்ஸ் ஸ்குரூவை அரைச் சுத்து டைட் பண்ணிட்டா போதும்ணா" என்று முடித்துவிடுகிறார்கள். ஆட்டம் குறைந்த மாதிரியும் தெரியும். ஆனால் அந்த ஸ்குரூ, ஸ்டியரிங் தண்டின் அடியில் இருக்கும் கியர் பெட்டியான பாக்ஸுக்குள் இருக்கும் பற்களின் இடைவெளியை வைப்பதற்கானது. ஸ்டியரிங் நேராக இருக்கும் நடு இடத்தில் அந்த இடைவெளி இயல்பிலேயே மிகக் குறைவு. அங்கே மேலும் இறுக்கினால் நடுவில் பிடித்துக்கொள்ளும், வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாகத் திரும்பாது, பற்களும் சீக்கிரம் போகும். தேய்ந்த ஜாயிண்ட்டோ தேய்ந்தபடியே கீழே தொங்கிக்கொண்டிருக்கும். அதன் குமிழ் ஒருநாள் கிண்ணத்தை விட்டுக் கழன்று வந்தால், கையில் இருக்கும் ஸ்டியரிங்குக்கும் ரோட்டில் இருக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

அதனால் கீழிருந்து மேலே போங்கள். டயர், ஹப் பேரிங் (சக்கரம் சுழலும் பேரிங்), ஜாயிண்ட்டுகள், ட்ராப் ஆர்ம் (பாக்ஸின் தண்டில் மாட்டிய கை), பாக்ஸைச் சேஸிஸோடு பிடிக்கும் போல்ட்டுகள், ஸ்டியரிங் தண்டின் ஜாயிண்ட், இவையெல்லாம் முடிந்த பிறகுதான் பாக்ஸின் உள்பக்கம்.

உங்கள் வண்டியில் எந்த அமைப்பு?

முன்பக்கம் கட்டை ஆக்ஸிலும் கமான் பட்டையும் (லீஃப் ஸ்பிரிங்) இருந்தால் சங்கதி எளிது. பாக்ஸிலிருந்து ட்ராப் ஆர்ம், அதிலிருந்து ட்ராக் லிங்க், அது ஒரு பக்க நக்கிளை (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) தள்ளும்; அந்த நக்கிளையும் எதிர்ப்பக்க நக்கிளையும் நீளமான டை ராட் இணைக்கும். ட்ராக் லிங்க்கில் இரண்டு, டை ராடில் இரண்டு என மொத்தம் நான்கு ஜாயிண்ட்டுகள். கட்டை ஆக்ஸில் இல்லாமல் இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் வண்டியில், பாக்ஸ் இருந்தால் நடு ராடும் அதன் மறுமுனையைத் தாங்கும் ஐட்லர் ஆர்மும் கூடுதலாக வரும். ரேக் வகை (பாக்ஸுக்குப் பதில் பல்வரிசைக் கம்பி) என்றால் வெளியே தெரியும் டை ராட் எண்ட் இரண்டு, ரப்பர் பெல்லோஸுக்குள் ஒளிந்திருக்கும் உள் ஜாயிண்ட் இரண்டு. இங்கே நான் அதிகம் பேசுவது கட்டை ஆக்ஸில் வண்டியைப் பற்றி. சோதனை முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

அறிகுறி: ஸ்டியரிங் நடுவில் சும்மா ஆடுகிறது

முதலில் அளந்துவிடுங்கள். சக்கரங்கள் நேராக, பவர் ஸ்டியரிங் என்றால் இன்ஜின் ஓடியபடி, ஸ்டியரிங் வளையத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி, பக்கத்தில் ஒரு ஸ்கேல் பிடித்து, முன்சக்கரம் அசையத் தொடங்கும் வரை இரு பக்கமும் மெதுவாகத் திருப்புங்கள். பல பிக்கப்களில் வளையத்தின் ஓரத்தில் 30 மி.மீ. வரை இருந்தால் பரவாயில்லை. உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே கணக்கு.

சட்டம் இதைவிடத் தாராளமானது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆம் விதி ஸ்டியரிங் ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக்கூடாது என்கிறது. 40 செ.மீ. விட்டமுள்ள ஸ்டியரிங்கில் அது ஓரத்தில் 10 செ.மீ.க்கும் மேல். அவ்வளவு ஆட்டத்தோடு எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் லோடு வண்டியை ஓட்டுவதற்குத் துணிச்சல் வேண்டும். அதே விதி இன்னொன்றும் சொல்கிறது: லிங்கேஜின் பால் ஜாயிண்ட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்று) போகும் முன் பலர் பெயின்ட் அடிக்கிறார்களே தவிர, கிழிந்த ரப்பரைப் பார்ப்பதில்லை.

அளந்தாயிற்று, ஆட்டம் அதிகம். எந்த ஜாயிண்ட் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஜாக்கி போடாதீர்கள். இது முக்கியம். வண்டி தன் எடையோடு நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்கட்டும். சக்கரத்தைத் தூக்கிவிட்டால் எதிர்ப்பு இல்லாமல் எல்லாம் ஒன்றாக நகரும், தேய்ந்த ஜாயிண்ட் நல்ல பிள்ளையாக நடிக்கும். கியர் நியூட்ரல், கை பிரேக், பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டு. இன்ஜினை ஓடவிட்டு ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாக, நிறுத்தாமல் ஆட்ட வேண்டும். இன்னொருவர் கீழே. உள்ளே இருக்கும் தம்பியிடம் "நான் சொல்லாம கியர்ல கை வைக்கக் கூடாது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கீழே இருப்பவர் ட்ராப் ஆர்மிலிருந்து சக்கரம் வரை வரிசையாகப் பார்க்க வேண்டும். ட்ராப் ஆர்ம் அசைகிறது, அதே நொடியில் ட்ராக் லிங்க்கும் அசைகிறதா? ட்ராக் லிங்க் அசைந்ததும் நக்கிள் ஆர்ம் அசைகிறதா? டை ராட் நகர்ந்ததும் எதிர்ப்பக்க நக்கிள் நகர்கிறதா? ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் கொஞ்சம் யோசித்துவிட்டு அசைகிறதென்றால் நடுவில் இருப்பது போய்விட்டது. கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால் ஜாயிண்ட்டின் மேல் விரல்களை வையுங்கள். நசுங்கும் இடுக்கில் வேண்டாம். இரண்டு பாகமும் சேரும் வெளிப்பக்கத்தில். கண் தவறவிடும் அரை மி.மீ. ஆட்டத்தை விரல் சொல்லிவிடும்.

ஜாயிண்ட் பந்து தன் அச்சில் உருள்வது ஆட்டம் அல்ல. டை ராடைக் கையால் முன்னும் பின்னும் உருட்டினால் கொஞ்சம் உருளத்தான் செய்யும், அதைப் பார்த்து நல்ல பாகத்தைக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு. நீளவாக்கிலும் மேலும் கீழும் தளர்வு இருந்தால்தான் பழுது.

எல்லா ஜாயிண்ட்டும் ஒழுங்கு, ஆனாலும் ஆட்டம் இருக்கிறதா? பாக்ஸைப் பாருங்கள், ஆனால் வெளியிலிருந்து. ஸ்டியரிங்கை ஆட்டும்போது பாக்ஸே சேஸிஸில் அசைகிறதென்றால் போல்ட் தளர்வு, இல்லையென்றால் பிராக்கெட்டில் கீறல். போல்ட் தலையைச் சுற்றித் துருப்பொடி சிவப்பாகக் கசிந்திருந்தால் இரும்பு இரும்போடு உரசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சேஸிஸ் கழுவாத வண்டியில் இது நன்றாகத் தெரியும், வாட்டர் வாஷ் செய்துவிட்டு வந்தால் தடயம் போய்விடும். அடுத்து ட்ராப் ஆர்ம்: பாக்ஸின் தண்டு திரும்பி ஆர்ம் திரும்பவில்லை என்றால் பல்வரிசை தேய்ந்துவிட்டது, நட்டை இறுக்கி இதைச் சரிசெய்ய முடியாது. பிறகு பாக்ஸின் மேலே ஸ்டியரிங் தண்டில் இருக்கும் யுனிவர்சல் ஜாயிண்ட். இதையெல்லாம் தாண்டி, பாக்ஸுக்குள் போகும் தண்டு திரும்பியும் ட்ராப் ஆர்ம் தாமதமாக அசைந்தால் மட்டுமே அந்த ஸ்குரூவைப் பற்றிப் பேசலாம். அப்போதும் கையேட்டின் முறைப்படி, அளந்து.

அறிகுறி: பள்ளத்தில் 'டக்' என்ற சத்தம், கையில் ஒரு அடி

சத்தத்தை வைத்து மட்டும் பாகம் வாங்கப் போகாதீர்கள். ஷாக் அப்ஸார்பர் புஷ், பட்டையின் ஷேக்கிள் புஷ், பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யு-போல்ட்டின் தளர்வு எல்லாமே இதே சத்தம் போடும். வித்தியாசம் கையில் தெரியும்: லிங்கேஜ் என்றால் சத்தத்தோடு ஸ்டியரிங்கிலும் ஒரு சின்ன உதை வரும், புஷ் என்றால் தரைத்தட்டில் மட்டும். வண்டியை நிறுத்தி, மேலே சொன்ன ஆட்டும் சோதனையில் அதே 'டக்' கேட்டால் லிங்கேஜ்தான்.

அப்புறம் சக்கரத்தைத் தூக்கி, ஆக்ஸிலுக்கு ஸ்டாண்டு கொடுத்துவிட்டு (வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே போகாதீர்கள், ஹாலோ பிளாக் கல்லையும் நம்பாதீர்கள்), டயரை இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். தளர்வு தெரிந்தால் டை ராட் பக்கம் சந்தேகம். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது தளர்வு என்றால் ஹப் பேரிங், அல்லது கிங் பின் (நக்கிள் திரும்பும் அச்சு). இரண்டையும் பிரிக்க ஒரு எளிய வழி: ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்கட்டும். தளர்வு மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் கிங் பின். ஹப் பேரிங்கை ஒழுங்காகச் செட் செய்யாமல் புது டை ராட் எண்ட் போட்டு, "இன்னும் ஆடுதே" என்று திரும்பி வருபவர்கள் நிறையப் பேர்.

அறிகுறி: ஒரு குழியில் விழுந்ததும் முன்பக்கம் முழுக்க உதறுகிறது

நைஸ் ரோட்டில் நல்ல வேகத்தில் போகும்போது ஒரு பாலத்து இணைப்பில் ஏறி இறங்கியதும் ஸ்டியரிங் கையில் நிற்காமல் வெடவெடவென்று ஆடும். கட்டை ஆக்ஸில் வண்டிகளுக்கே உரிய வியாதி இது. வந்துவிட்டால் சடாரென்று பிரேக் அடிக்காதீர்கள், எதிர்த்து மல்லுக்கட்டவும் வேண்டாம். ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை விட்டு, வேகம் தானாக இறங்கட்டும்.

இதற்கு ஒரே காரணம் இருக்காது. டை ராட் எண்டில் கொஞ்சம், கிங் பின்னில் கொஞ்சம், டயர் பேலன்ஸில் கொஞ்சம் என்று கூட்டணி சேர்ந்துதான் உதறல் வரும். எனவே டயர் பேலன்ஸும் காற்றும் முதலில், பிறகு எல்லா ஜாயிண்ட்டும், கிங் பின், யு-போல்ட், கடைசியாக கேஸ்டர் கோணம் (கிங் பின் முன்பின் சாயும் அளவு). ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங் உதறலை அடக்கும் ஷாக் அப்ஸார்பர்) உள்ள வண்டியில் புது டேம்பர் மாட்டினால் உதறல் சில வாரம் அடங்கும். அதைச் சிகிச்சை என்று சொல்லி விற்கிறார்கள். தேய்ந்த ஜாயிண்ட்டை மறைக்கும் திரைதான் அது.

உதறல் பள்ளம் இல்லாமலே குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்து, அந்த வேகம் தாண்டியதும் போய்விட்டால் லிங்கேஜைத் தேடாதீர்கள். டயர் பேலன்ஸ், வளைந்த ரிம்.

அறிகுறி: ஒரு பக்கம் இழுக்கிறது

சும்மா ஓடும்போதே இழுத்தால், முன் டயர்களை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் டயர்தான் குற்றவாளி. மாறாவிட்டால் அலைன்மெண்ட், ஒரு பக்கம் உட்கார்ந்த பட்டை.

பிரேக் போட்டால் மட்டும் இழுப்பது வேறு கதை. சேலத்துக்கு லோடு ஏற்றிப்போய் தொப்பூர் கணவாயில் இறங்கும்போதுதான் இது முகத்தைக் காட்டும். முதலில் பிரேக்கைப் பாருங்கள்: ஒரு பக்க கேலிப்பர் பிடிப்பது, ஹோஸ் அடைப்பது. பிரேக் சரியாக இருந்தும் இழுத்தால் பட்டைக்கு வாருங்கள். பிரேக் பிடிக்கும்போது ஆக்ஸில் தன் மேல்பக்கத்தை முன்னே சாய்க்கப் பார்க்கும். பட்டை சோர்ந்தோ, யு-போல்ட் தளர்ந்தோ, நடு போல்ட் முறிந்தோ இருந்தால் அந்தச் சாய்வு அதிகமாகும். ட்ராக் லிங்க்கின் ஒரு முனை சேஸிஸ் பக்கம், மறுமுனை ஆக்ஸில் பக்கம். ஆக்ஸில் சாய்ந்தால் ஓட்டுநர் திருப்பாமலே லிங்க் சக்கரத்தைத் திருப்பிவிடும். முன்பக்கம் கூடுதலாக ஒரு பட்டை போட்டு வண்டியை உயர்த்தியவர்களுக்கும் இதே தொந்தரவு, அவர்களுக்குப் பள்ளத்தில் வரும். ட்ராக் லிங்க்கின் சாய்வு மாறிவிட்டதால், சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் ஸ்டியரிங் தானாக அசையும். இதற்குப் புது ஜாயிண்ட் மருந்தாகாது.

அறிகுறி: வளைத்த ஸ்டியரிங் தானாகத் திரும்பவில்லை, கனமாக இருக்கிறது

இரு பக்கமும் ஒரே கனம் என்றால் பவர் ஸ்டியரிங் ஆயில், பெல்ட், டயர் காற்று. அவை சரியென்றால் ஜாக்கியில் தூக்கி, டை ராடை ஒரு பக்க நக்கிளிலிருந்து கழற்றிவிட்டு, அந்தச் சக்கரத்தைக் கையால் திருப்புங்கள். அப்போதும் கனம் என்றால் கிங் பின் காய்ந்திருக்கிறது. கிங் பின்னுக்கு கிரீஸ் அடிக்கும்போது ஆக்ஸிலைத் தூக்கி, சக்கரத்தில் பாரம் இல்லாமல் அடியுங்கள். தரையில் நிற்கும் வண்டிக்கு அடித்தால் கீழே பாரம் தாங்கும் பேரிங்குக்குள் கிரீஸ் போகாது. யாராவது சமீபத்தில் அந்த பாக்ஸ் ஸ்குரூவை இறுக்கியிருந்தால், உங்கள் பதில் அங்கேயும் இருக்கலாம்.

அறிகுறி: டயர் ரம்பம் மாதிரி தேய்கிறது

டயரின் குறுக்கே கையை உள்ளே தள்ளினால் வழவழப்பு, வெளியே இழுத்தால் கீறல், அல்லது அதற்கு நேர்மாறு. இரண்டு முன் டயரிலும் இப்படி என்றால் டோ (முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் அளவு) தவறு. டோ தவறியது ஏன் என்று பார்க்காமல் அலைன்மெண்ட் மட்டும் செய்வது வீண் செலவு. ஆடும் டை ராடை வைத்துச் செய்த அலைன்மெண்ட் கடையின் வாசலைத் தாண்டும்போதே மாறிவிடும்.

பாகம் வாங்குவது

ஜே.சி. ரோட்டில் வண்டியின் மாடலும் வருடமும் மட்டும் சொல்லாதீர்கள், பழைய பாகத்தையும் கொண்டுபோங்கள். ஒரே மாடலில் ஜாயிண்ட் தண்டின் கனமும் அதன் கூம்பின் அளவும் மாறியிருப்பதுண்டு. டை ராட் எண்ட் இரண்டில் ஒன்று வலது மரை, இன்னொன்று இடது மரையாக இருக்கும். இரண்டும் ஒரே பக்கமாக வாங்கி வந்துவிட்டு மறுபடி டிராஃபிக்கில் அலைய வேண்டாம். சென்னையின் ரானே போன்று இந்த லிங்கேஜ் பாகங்களையே தொழிலாகச் செய்யும் நிறுவனங்களின் சரக்கோ, கம்பெனி பாகமோ பில்லோடு வாங்குங்கள். கையில் எடுத்ததும் தளதளவென்று தானாகச் சாயும் ஜாயிண்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், புதியது சற்று இறுக்கமாகத்தான் இருக்கும். எஸ்.ஜே.பி. ரோட்டு ஞாயிறு சந்தையில் எதை வேண்டுமானாலும் வாங்கலாம், பழைய பால் ஜாயிண்ட்டைத் தவிர.

ஒரு முனை போயிருந்தால் மறுமுனையையும் சேர்த்து மாற்றுங்கள். இரண்டும் ஒரே ரோட்டில் ஒரே தூரம் ஓடியவை. வேலைக் கூலியும் அலைன்மெண்ட் காசும் ஒரு தடவையோடு போகும்.

மாற்றும் வேலை

முதல் நாள் இரவே துருநீக்கி ஸ்பிரே அடித்து வையுங்கள். கழற்றுமுன் இரு முனைப் பந்துகளின் நடுவுக்கு நடு தூரத்தை அளந்து எழுதுங்கள். எத்தனை சுற்றில் கழன்றது என்றும் எண்ணுங்கள். ஆனால் புதிய பாகத்தின் நீளம் கொஞ்சம் மாறலாம் என்பதால் அளவைத்தான் நம்ப வேண்டும்.

ஸ்பிளிட் பின்னை எடுத்து, நட்டை முழுதாகக் கழற்றாமல் சில மரைகளில் விட்டுவிடுங்கள். ஜாயிண்ட் திடீரென்று விடுபடும்போது முகத்தில் விழாமல் அதுதான் காக்கும். புல்லர் (ஜாயிண்ட்டை இழுத்துக் கழற்றும் கருவி) இருந்தால் புல்லர். இல்லையென்றால் நக்கிள் ஆர்மின் கண் இருக்கிறதே, அதன் ஒரு பக்கம் கனமான சம்மட்டியை முட்டுக் கொடுத்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் ஓங்கி ஓர் அடி. கூம்புப் பிடிப்பு விட்டுவிடும். தண்டின் நுனியில் அடித்தால் மரை மட்டும்தான் சப்பையாகும். கவைக்கம்பி போட்டு நெம்பினால் ரப்பர் கிழியும், தூக்கி எறியப்போகும் ஜாயிண்ட்டுக்கு மட்டும் அது சரி.

காஸ் வைத்துச் சூடாக்க வேண்டாம். நக்கிள் ஆர்ம், ட்ராப் ஆர்ம் எல்லாம் பதம் ஏற்றிய இரும்பு, சூடு காட்டினால் பதம் போய்விடும். வளைந்த டை ராடை நிமிர்த்துவதும், கீறல் விட்டதை வெல்டிங் வைப்பதும் கூடவே கூடாது.

ட்ராப் ஆர்மையே எடுக்க வேண்டி வந்தால், ஆர்முக்கும் தண்டுக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டுவிட்டுப் புல்லரால் மட்டுமே இழுங்கள். சுத்தியலால் அடிக்கும் ஒவ்வோர் அடியும் பாக்ஸின் உள்ளே பேரிங்குக்குப் போகிறது.

மாட்டும்போது கூம்பும் கண்ணும் துடைத்துக் காய்ந்திருக்க வேண்டும், கிரீஸ் தடவக்கூடாது. நட்டைக் கையேட்டின் டார்க்குக்கு (இறுக்க வேண்டிய அளவு) இறுக்கிய பிறகு பின் துளை நேராக வரவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கி நட்டின் அடுத்த வெட்டுக்குக் கொண்டுபோங்கள். பின் போடுவதற்காக நட்டைப் பின்னோக்கித் தளர்த்துவது இந்த வேலையில் செய்யும் மிக மோசமான சோம்பேறித்தனம். பழைய பின்னை நிமிர்த்திப் போடுவது அதற்கு அடுத்தது.

டை ராடின் கிளாம்ப்பை இறுக்குமுன் இரு முனை ஜாயிண்ட்டுகளும் ஒரே வாக்கில் நடுநிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று முன்னே சாய்ந்து ஒன்று பின்னே சாய்ந்திருந்தால், ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது முட்டிக்கொள்ளும். முழுசாக இரு பக்கமும் ஒடித்து, கிளாம்ப் போல்ட்டும் பிரேக் ஹோஸும் எதிலும் உரசவில்லை என்று பார்த்துவிடுங்கள். கிரீஸ் அடிக்கும் நிப்பிள் இருந்தால் ரப்பர் லேசாக உப்பும் வரை கிரீஸ். வெடிக்கும் வரை அல்ல.

வேலை முடிந்தது, ஆனால் ஸ்டியரிங் கோணலாக நிற்கிறது

டோ அளவை டை ராடில் வையுங்கள். இரு முனையிலும் எதிரெதிர் மரை, 1.5 மி.மீ. பிட்ச் என்றால், ராடின் ஒரு முழுச் சுற்றுக்கு 3 மி.மீ. நீளம் மாறும். ஆகவே கால் கால் சுற்றாகப் போங்கள். டோ சரியான பிறகும் ஸ்டியரிங் கோணல் என்றால் அதை ட்ராக் லிங்க்கின் நீளத்தில் சரிசெய்ய வேண்டும், டை ராடில் அல்ல. ரேக் வண்டியில் இரு பக்க டை ராடையும் சம அளவில், ஒன்றை நீட்டி மற்றதைக் குறைத்துச் சரிசெய்வார்கள்.

ஸ்டியரிங் வளையத்தையே கழற்றி நேராக மாட்டித் தருகிறேன் என்று அலைன்மெண்ட் கடையில் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்படிச் செய்தால் வளையம் நேராகத் தெரியும், பாக்ஸ் நடு இடத்தை விட்டு விலகியிருக்கும். நேராக ஓடும்போது பற்கள் தளர்ந்த பகுதியில் வேலை செய்யும், அந்த ஆட்டத்தைப் பார்த்து இன்னொருவர் ஸ்குரூவை இறுக்க வருவார். ஒரு பக்கம் வளைவும் குறைவாகக் கிடைக்கும்.

சில நாள் லோடோடு ஓட்டிய பிறகு நட்டு, கிளாம்ப், பாக்ஸ் போல்ட், யு-போல்ட் நான்கையும் மறுபடி ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். புதிதாக மாட்டிய யு-போல்ட் என்றால் கட்டாயம் தளர்ந்திருக்கும்.